பள்ளிக்கூடத்துக்கு வந்த புகையிலைத் தடுப்பு நிகழ்ச்சி: கூப்பிடலாமா, வேண்டாமா?

தருமபுரி மாவட்டம் பாலக்கோடு பக்கத்துப் பள்ளிகளின் மேலாண்மைக் குழுவில் இருக்கிறவர்கள் சிலர் என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள். உங்கள் பள்ளிக்கு ஒரு டிரஸ்ட் வந்து புகையிலை பற்றி வகுப்பு எடுத்தார்களாமே, உருப்படியான ஆட்களா, பேனர் கட்டி போட்டோ எடுத்துக்கொண்டு போகிற கூட்டமா என்று. ஒவ்வொருவருக்கும் போனில் சொல்லிக்கொண்டிருக்க முடியவில்லை, அதனால் இங்கே எழுதிவிடுகிறேன். அவசரத்தில் இருப்பவர்களுக்கு: கூப்பிடலாம். காசு கேட்பதில்லை. ஆனால் அவர்கள் கொடுப்பதை அப்படியே வாங்கிக்கொள்ளாதீர்கள், சிலதைக் கேட்டு வாங்க வேண்டும், சிலதை வேண்டாம் என்று சொல்ல வேண்டும். ஐந்துக்கு மூன்றரை கொடுப்பேன்.

டிரஸ்ட்டின் பெயரைப் போடவில்லை. பெயரைப் போட்டால் எந்தப் பள்ளி என்று தெரிந்துவிடும், பள்ளி தெரிந்தால் எந்தப் பசங்க என்று ஊரே கண்டுபிடித்துவிடும். நான் அந்தப் பள்ளிக்குக் கொஞ்சம் தள்ளி ஸ்டேஷனரி, ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன், மகள் அங்கேதான் எட்டாவது படிக்கிறாள், மேலாண்மைக் குழுவிலும் இருக்கிறேன்.

எதற்குக் கூப்பிட்டோம் என்றால், பசங்க கழிப்பறைப் பக்கம் சின்னச் சின்ன வெள்ளைப் பொட்டலம் கிடந்தது. கூட்டுகிற அம்மாதான் முதலில் எடுத்துக்கொண்டு வந்து காட்டினார். பீடி சிகரெட் என்றால் வாசனை காட்டிக் கொடுத்துவிடும், ஹான்ஸ் மாதிரி வாயில் அடக்கும் புகையிலை போட்டால் துப்ப வேண்டும். கூல் லிப் என்கிற இந்தப் புகையிலைப் பொட்டலம் அப்படி இல்லை. உதட்டுக்கும் ஈறுக்கும் நடுவில் வைத்துக்கொண்டு கணக்குப் பாடத்தையே கவனிக்கலாம், புதினா வாசம் வேறு, பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறவனுக்கே தெரியாது. 2024இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையே பள்ளிப் பிள்ளைகள் இதற்கு அடிமையாகிறார்கள் என்று கவலைப்பட்டு, நாடு முழுவதும் ஏன் தடை செய்யக் கூடாது என்று கேட்டது. தமிழ்நாட்டில் புகையிலை கலந்த குட்கா, பான் மசாலாவுக்கு 2013 மே மாதத்திலிருந்தே தடை இருக்கிறது. உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருடா வருடம் நீட்டித்துக்கொண்டு வருகிறார்கள். 2023 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது, ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை நிறுத்தி வைத்தது. காகிதத்தில் இவ்வளவு நடந்திருக்கிறது, நமக்கோ ஓசூரைத் தாண்டினால் கர்நாடகா. அங்கே பான் மசாலா ஒரு பாக்கெட், புகையிலை ஒரு பாக்கெட் என்று தனித்தனியாக விற்றுவிட்டால் குட்கா விற்றதாக ஆகாது என்று கணக்கு, வாங்குகிறவன் இரண்டையும் கலந்து வாயில் போட்டுக்கொள்வான். அந்தச் சரக்கு எப்படி நெடுஞ்சாலை வழியாக கிருஷ்ணகிரிக்கும் தொப்பூருக்கும் இறங்குகிறது என்பது பேப்பர் படிக்கிற எல்லோருக்கும் தெரியும். தக்காளி வண்டியில் மூட்டை பிடித்தார்கள் என்ற செய்தி வந்தால் இப்போதெல்லாம் யாரும் நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை.

சரி, நிகழ்ச்சிக்கு வருவோம்.

முதல் நாள் மொத்தமாக வீண். அப்படித்தான் சொல்ல வேண்டும். ஒன்பதாவது பத்தாவது பிள்ளைகளை எல்லாம் ஒரே கூடத்தில் தரையில் உட்கார வைத்து, ஜன்னலில் துணி கட்டி இருட்டாக்கி, புரொஜெக்டர் போட்டு, கறுத்துப் போன நுரையீரல், ஓட்டை விழுந்த கன்னம் என்று வரிசையாகக் காட்டினார்கள். புகையில் 7000க்கு மேல் ரசாயனம் இருக்கிறது, அதில் 70 வரை புற்றுநோய் வரவைக்கும் என்றார்கள். உண்மைதான், யார் இல்லை என்றது? ஆனால் அந்தப் படங்கள் 2016லிருந்து பாக்கெட்டின் 85 சதவீத இடத்தில் அச்சாகியிருக்கின்றன. அதைக் கையில் பிடித்துக்கொண்டேதான் ஊரில் ஆட்கள் நெருப்புக் கேட்கிறார்கள். பசங்க முதல் படத்துக்கு "அய்யே" என்றார்கள், மூன்றாவது படத்துக்குச் சிரித்தார்கள், அப்புறம் ஆளுக்கொரு பேச்சு. பேசினதில் முக்கால்வாசி சிகரெட்டைப் பற்றி. எங்கள் பள்ளியில் பிரச்சினையே வாயில் வைக்கிற பொட்டலம். அதற்கு ஒரே ஒரு படம். பெண் பிள்ளைகளைக் கடைசி வரிசையில், ஏதோ துணைக்கு வந்தவர்கள் மாதிரி உட்கார வைத்திருந்தார்கள். 2019இல் 13 முதல் 15 வயது மாணவர்களிடம் நாடு முழுக்க எடுத்த கணக்கெடுப்பில் புகையிலை பயன்படுத்துகிறவர்கள் 8.5 சதவீதம். பையன்கள் 9.6, பெண்கள் 7.4. இடைவெளி அவ்வளவுதான். நம் வீடுகளில் பாட்டி வெற்றிலையோடு போயலை அடக்கிக்கொள்வதைப் பார்த்துத்தானே பெண் பிள்ளைகளும் வளர்கிறார்கள், அவர்கள் கேட்டால் ஒரு கிள்ளு கிடைக்காமலா போகும்?

கடைசியில் எல்லோரும் கையை நீட்டி உறுதிமொழி. அப்புறம் பேனரோடு போட்டோ. நான் எழுந்து வீட்டுக்குப் போய்விடலாமா என்றுகூட நினைத்தேன்.

அடுத்த வாரத்திலிருந்து வகுப்பறையில் நடத்தியது வேறு ரகம். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன். வந்தவர்கள் கல்லூரி முடித்த ஒரு பெண்ணும் ஒரு பையனும், பிள்ளைகள் உடனே அக்கா, அண்ணா என்று ஒட்டிக்கொண்டார்கள். வகுப்பில் ஆசிரியர் இருக்கக் கூடாது என்பது அவர்கள் போட்ட நிபந்தனை. முதலில் ஒரு சின்னக் கேள்வி: இந்த வகுப்பில் எத்தனை பேர் புகையிலை தொட்டிருப்பார்கள் என்று நினைக்கிறீர்கள்? பிள்ளைகள் எழுதிய எண் எல்லாம் பாதி வகுப்பு, பாதிக்கு மேல் என்று இருந்தது. அடுத்ததாக பெயர் எழுதாத சீட்டில் நீங்கள் போன மாதம் பயன்படுத்தினீர்களா என்று மட்டும் எழுதி மடித்துப் போடச் சொன்னார்கள். வந்த "ஆமாம்" ஒரு கை விரலுக்குள் அடங்கிவிட்டது. சீட்டில் எல்லாரும் உண்மை எழுதுவார்களா என்றால் மாட்டார்கள், எனக்கும் தெரியும். இருந்தாலும், எல்லாரும் பண்றாங்க, நான் மட்டும் ஏன் சும்மா இருக்கணும் என்கிற நினைப்புக்குத்தான் அங்கே அடி விழுந்தது. என் மகள் வீட்டில் வந்து இரண்டு நாள் அதையே பேசிக்கொண்டிருந்தாள்.

அப்புறம் நடித்துக் காட்டுவது. ஒருவன் "மச்சி, ஒரே ஒரு தடவை, ஒண்ணும் ஆகாது" என்று நீட்ட வேண்டும், இன்னொருவன் நட்பையும் கெடுத்துக்கொள்ளாமல், பயந்தாங்கொள்ளி என்ற பேரும் வாங்காமல் கழன்றுகொள்ள வேண்டும். அக்கா ஒரு பதிலும் சொல்லித் தரவில்லை, பிள்ளைகளையே யோசிக்க விட்டார். "எங்க அப்பா வாயை மோந்து பார்ப்பாருடா" என்று ஒருவன். "நீ போட்டுட்டு கிரவுண்டுல ஒரு ரவுண்டு ஓடு, அப்புறம் நான் போடுறேன்" என்று இன்னொருவன், இதற்குத்தான் கைதட்டல். காரணம் இருக்கிறது. நம் மாவட்டத்தில் விடியற்காலை ரோட்டில் ஓடுகிற பையன்களை எண்ணிப் பாருங்கள், பாதிப் பேர் போலீஸ் செலக்‌ஷனுக்கோ மிலிட்டரிக்கோ தயாராகிறவர்கள். காவலர் தேர்வில் ஆண்கள் 1500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் ஓடி முடிக்க வேண்டும். அண்ணன் ஓடுவதைப் பார்த்த ஒன்பதாவது பையனிடம் ஐம்பது வயதில் புற்றுநோய் வரும் என்றால் அது அவனுக்கு அடுத்த ஜென்மம். மூச்சு வாங்கும், செலக்‌ஷன் போகும் என்றால் காது நிமிர்கிறது. அதைப் பிடித்துக்கொண்டது நல்ல வேலை.

மூன்று விரலை நேராக அடுக்கி வாய்க்குள் விடச் சொன்னதும் நன்றாக இருந்தது. பாக்கும் புகையிலையும் வருடக்கணக்கில் மென்றால் கன்னத்துக்குள் சதை நார் பிடித்து இறுகிவிடும், வாய் கொஞ்சம் கொஞ்சமாகத் திறக்காமல் போகும், மூன்று விரல் போகவில்லை என்றால் பல் டாக்டரைப் பார்க்க வேண்டும். இதில் பாக்கே முக்கியக் குற்றவாளி என்பது எனக்கும் புதுச் செய்தி. பிள்ளைகள் அன்றைக்கே வீட்டில் தாத்தா பாட்டி வாயில் எல்லாம் விரலை விடச் சொல்லிப் பார்த்திருக்கிறார்கள்.

இந்த முறை இவர்கள் கண்டுபிடித்தது இல்லை. 2004லிருந்து இரண்டு வருடம் சென்னையிலும் டெல்லியிலும் 32 பள்ளிகளில் மைத்ரி என்ற திட்டத்தை நடத்தி, ஆறாவது, எட்டாவது பிள்ளைகளிடம் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். வகுப்பில் விளையாட்டு, போஸ்டர், பெற்றோருக்குத் தபால் அட்டை, மாணவர்களே மாணவர்களுக்கு நடத்துவது என்று போனது. நடத்திய பள்ளிகளில் புகையிலைப் பழக்கம் குறைந்தது, நடத்தாத பள்ளிகளில் கூடியது. அப்படிச் சோதித்துப் பார்த்த சங்கதி கையில் இருக்கும்போது முதல் நாள் கூடத்தில் அந்தப் பிரசங்கம் எதற்கு என்றுதான் எனக்குப் புரியவில்லை. கேட்டேன். "பள்ளியில் அப்படித்தான் எதிர்பார்க்கிறாங்க அண்ணா, சீஃப் கெஸ்ட் எல்லாம் வருவாங்க" என்றார் அந்தப் பெண். பாவம், அவரைச் சொல்லிக் குற்றமில்லை.

இதில் இன்னொரு சங்கடம். அவர்கள் ஒன்பதாவது பத்தாவதுக்குத்தான் முதலில் திட்டம் போட்டு வந்தார்கள். நான் சொன்ன அதே 2019 கணக்கெடுப்பில், வாயில் போடுகிற புகையிலையைத் தொடங்குகிற சராசரி வயது கிட்டத்தட்ட பத்து, பீடிக்குப் பத்தரை, சிகரெட்டுக்குப் பதினொன்றரை. அதாவது ஐந்தாவது ஆறாவது. மேலாண்மைக் குழுவில் பேசி எட்டாம் வகுப்பையும் சேர்க்க வைத்தோம், ஆறாவதுக்கு நேரம் இல்லை என்றுவிட்டார்கள். நீங்கள் கூப்பிடும்போது இதை முதலிலேயே கறாராகச் சொல்லிவிடுங்கள்.

கடைகளைச் சுற்றி நடத்திய வேலையைத்தான் நான் அதிகம் ரசித்தேன், கடைக்காரன் என்பதாலும் இருக்கலாம். கல்வி நிலையத்திலிருந்து 100 கஜத்துக்குள் புகையிலை விற்கக் கூடாது என்பது 2003 சட்டம். கஜம் என்றால் பிள்ளைகளுக்கு என்ன தெரியும், சுமார் 91 மீட்டர் என்று சொல்லி, டேப்பைக் கையில் கொடுத்து, கேட்டிலிருந்து அளக்கவிட்டார்கள். ரோட்டில் ஒரு மஞ்சள் கோடு. எந்தெந்தக் கடை கோட்டுக்குள் வருகிறது, எதில் சிகரெட் எதிரிலேயே தெரிகிறது, எதில் மிட்டாய் பாட்டிலுக்குப் பக்கத்தில் இருக்கிறது, பதினெட்டு வயதுக்குக் கீழே விற்க மாட்டோம் என்ற பலகை இருக்கிறதா, எல்லாவற்றையும் ஒரு சார்ட்டில் வரைந்தார்கள். எந்தக் கடையையும் போய்ப் போலீசில் மாட்டிவிடுவதாக மிரட்டவில்லை. பிள்ளைகளும் அந்த அண்ணனும் சேர்ந்து போய் உட்கார்ந்து பேசினார்கள்.

கேட்டுக்கு எதிரே டீக்கடை வைத்திருக்கிற அக்கா சொன்னது நியாயமான பேச்சு. "சிகரெட்டுக்கு வர்றவன்தான் தம்பி டீயும் குடிக்கிறான், போண்டாவும் திங்கிறான். அதை எடுத்துட்டா கடை வாடகையை நீ குடுக்கிறியா?" அந்தப் பையன் கொடுக்க முடியாது அக்கா என்று ஒப்புக்கொண்டு, சட்டத்தை மட்டும் பொறுமையாகச் சொன்னான். பள்ளிக்குப் பக்கத்தில் விற்றால் 200 ரூபாய் வரை அபராதம், அது எல்லாக் கடைக்காரருக்கும் தெரியும், யாரும் பெரிதாக மதிப்பதும் இல்லை. சிறார் நீதிச் சட்டம் 2015, பிரிவு 77 என்று ஒன்று இருப்பது யாருக்கும் தெரியவில்லை. பதினெட்டு வயது ஆகாத பிள்ளை கையில் புகையிலையைக் கொடுத்தால் ஏழு வருடம் வரை கடுங்காவல், ஒரு லட்சம் வரை அபராதம். அதைக் கேட்டதும் அக்கா கொஞ்சம் நேரம் டீ ஆற்றுவதையே நிறுத்திவிட்டார். "அப்போ அப்பன் பீடி வாங்கிட்டு வரச் சொன்னான்னு வர்ற பொடிசுகளுக்கு?" அதுவும் கூடாது அக்கா, யாருக்காக வாங்கினாலும் பிள்ளை கையில் கொடுக்கக் கூடாது.

இங்கேதான் விஷயமே இருக்கிறது என்று நினைக்கிறேன். கட்டுப் பீடி வாங்கிவா என்று மகனைக் கடைக்கு அனுப்புகிற பழக்கம் நம் பக்கம் இன்னும் போகவில்லை. ஒரு சிகரெட், இரண்டு சிகரெட் என்று சில்லறையில் கொடுப்பதால் பிள்ளை கையில் இருக்கிற பஸ் காசே அதற்குப் போதும். கோட்டுக்குள் இருந்த கடைகளில் சிலர் சரக்கை எடுத்துவிட்டார்கள், சிலர் முன்னால் தொங்கவிட்டதைப் பின்னால் மாற்றிக்கொண்டார்கள், ஒரு கடையில் கல்லாவுக்குக் கீழே போயிருக்கிறது என்பது ஊருக்கே தெரியும். டீக்கடை அக்கா பிள்ளைகளுக்குக் கொடுப்பதை நிறுத்தினார், பெரியவர்களுக்கு விற்கிறார். அவ்வளவுதான் நடந்தது, அதுவே நான் எதிர்பார்த்ததைவிட அதிகம்.

மார்க் குறைத்த இடத்துக்கு வருகிறேன். ஏற்கெனவே பழகிவிட்ட பையனுக்கு இவர்களிடம் ஒன்றும் இல்லை. வகுப்பு முடிந்த பிறகு ஒரு பையன் தானாகவே அந்த அண்ணனிடம் போய், விட முடியவில்லை, காலையில் வைக்காவிட்டால் தலை வலிக்கிறது, எரிச்சலாக வருகிறது என்று சொல்லியிருக்கிறான். அவனுக்குக் கிடைத்தது தைரியமாக இரு என்ற வார்த்தையும் ஒரு போன் நம்பரும். நம்பர் நல்ல நம்பர்தான், 1800-11-2356, மத்திய அரசின் கட்டணமில்லாத ஆலோசனை எண், 2018லிருந்து பாக்கெட்டிலேயே அச்சடிக்கிறார்கள், பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையில் தெற்கத்தி மொழிகளில் பேசுகிறார்கள். ஆனால் பதினான்கு வயதுப் பையன் யார் போனில், எந்த அறையில் உட்கார்ந்து பேசுவான்? கூடவே ஒருவர் இருந்து முதல் தடவை பேச வைத்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் அரசு மருத்துவமனைக்காவது அழைத்துப் போயிருக்க வேண்டும். பின்தொடர்வது என்பது இவர்கள் திட்டத்தில் இல்லவே இல்லை. வகுப்புகள் முடிந்ததும் அறிக்கை எழுதிக்கொண்டு போய்விட்டார்கள்.

அதே சமயம் ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியாது. அந்தப் பையன் யார் என்று பள்ளியில் கேட்டபோது சொல்ல மாட்டோம் என்று நின்றார்கள். டி.சி. கொடுத்து அனுப்புங்கள், மற்ற பிள்ளைகளாவது பிழைக்கும் என்று மேலாண்மைக் குழுவிலேயே ஒருவர் பேசினார். அனுப்பினால் அவன் நேராக எங்கே போவான், பெங்களூரில் கட்டட வேலைக்குத்தானே, அங்கே இதைவிடச் சுலபமாகக் கிடைக்கும் என்று அந்தப் பெண் கேட்டதும் பேச்சு நின்றது. அந்த ஒன்றுக்காகவே அரை மார்க் சேர்த்துக் கொடுத்திருக்கிறேன்.

பெற்றோர் கூட்டம் படு மோசம். வேலை நாளில் காலை பதினொரு மணிக்கு வைத்தால் யார் வருவார்? அப்பாக்கள் பாதிப் பேர் ஓசூர் கம்பெனி ஷிப்ட்டில், மீதிப் பேர் பெங்களூரில், அம்மாக்கள் நூறு நாள் வேலையில். வந்தது பாட்டிகள் சிலர், அதிலும் இரண்டு பேர் இடுப்பில் சுருக்குப் பையோடு. கிராம சபையில் வையுங்கள் என்று சொல்லியிருக்கிறேன். அக்டோபர் 2 பொருத்தமான நாள், பொது இடத்தில் புகைக்கக் கூடாது என்ற விதி 2008இல் அதே நாளில்தான் நடைமுறைக்கு வந்தது. அப்போது சுகாதார அமைச்சர் அன்புமணி, பின்னால் 2014இல் நம் தருமபுரிக்கே எம்.பி. ஆனார். கட்சி விவகாரம் எப்படியோ, அந்த விதி வந்ததே இந்தத் தொகுதிக்காரர்கள் பாதிப் பேருக்கு ஞாபகம் இல்லை. புகையிலை ஒழிப்பு நாளான மே 31ஐ மட்டும் பிடித்துக்கொள்ளாதீர்கள், அன்றைக்கு நம் பள்ளிக்கூடமே கோடை விடுமுறையில் பூட்டிக் கிடக்கும், போஸ்டர் ஒட்டிவிட்டுப் போக மட்டும் உதவும்.

கூப்பிடுவதற்கு முன் கேட்க வேண்டிய இன்னொரு கேள்வி, பணம் யார் கொடுக்கிறார்கள் என்பது. நான் கேட்டேன், கணக்கைக் காட்டினார்கள், புகையிலைக் கம்பெனிப் பணம் இல்லை. இது என்ன சந்தேகம் என்று நினைக்காதீர்கள். அமெரிக்காவில் 1998இல் பிலிப் மாரிஸ் என்ற சிகரெட் கம்பெனியே இளைஞர்கள் புகைக்கக் கூடாது என்று விளம்பரம் நடத்தியது, அதைப் பார்த்த பிள்ளைகளுக்குப் புகைக்கிற எண்ணம் கூடத்தான் செய்தது என்று பின்னால் ஆராய்ந்து சொன்னார்கள். இது பெரியவங்க சமாச்சாரம், உனக்கு வயசு பத்தாது என்று எந்தப் பையனிடமாவது சொல்லிப் பாருங்கள், என்ன ஆகும் என்று தெரிந்துவிடும். இவர்கள் அந்த வார்த்தையே பேசவில்லை. புகையிலைக் கம்பெனியின் பழைய வாடிக்கையாளர் சாகிறார், அந்த இடத்துக்கு ஆள் வேண்டும், அதற்கு உன்னைத்தான் பார்க்கிறார்கள் என்று பசங்களிடம் நேராகச் சொன்னார்கள். பத்தாவது பசங்களுக்கு அது நன்றாகவே உறைத்தது, ஏமாளி ஆக யாருக்கும் பிடிப்பதில்லை.

இந்த ஜூலையில் மறுபடி வருகிறார்கள். ஆறாவதும் ஏழாவதும் மட்டும், நேராக வகுப்பறை, கூடமும் சீஃப் கெஸ்ட்டும் கிடையாது, முடிந்து மூன்று மாதம் கழித்து ஒரு தடவை வந்து பார்க்க வேண்டும் என்று எழுதி வாங்கியிருக்கிறோம். டேப்பும் சார்ட்டும் என் கடையில் இருக்கிறது, பக்கத்துப் பள்ளிக்காரர்கள் வேண்டுமானால் வந்து வாங்கிக்கொள்ளலாம், ஞாயிற்றுக்கிழமை மட்டும் கடை மதியம் வரைதான்.